அப்டேட்டுக்குப் பிறகு அவர் பேசவில்லை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இதில் நான் நிறையக் கத்துகிறேன். முப்பது வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த தொண்டை இது. மெதுவாகப் பேசு என்றால் எனக்கு அது வராது. ரகசியம் சொன்னால்கூடப் பக்கத்து வீட்டுக்காரி மறுநாள் அதற்குப் பதில் சொல்லுவாள்.

என் வீட்டுக்காரர் அதற்கு எதிர்மாறு. தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று ஆட்களைப் பிரித்து அனுப்புவது அவர் வேலை. கத்தமாட்டார். கத்தாமலே அந்தக் குரல் கடைசியில் நிற்கிற ஆள் வரைக்கும் போகும். அப்படி ஒரு கனம் அதில். வீட்டில் அதையும் சிக்கனமாகத்தான் வைத்திருப்பார். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அந்த ஒன்றில் நான் அடங்கிவிடுவேன், ஆனால் அடங்கிவிட்டேன் என்று காட்டிக்கொள்ளமாட்டேன்.

அந்தக் குரலைத்தான் இரண்டு வருடத்துக்கு முந்தி எடுத்துவிட்டார்கள். தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார் என்று கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். பீடி, வேறென்ன? எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சரி, அதை விடுங்கள். ஆள் மிஞ்சினார், எனக்கு அது போதும்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, என்னோடு வேலை செய்த கம்ப்யூட்டர் டீச்சர் எனக்குப் போன் எடுத்தாள்.

"டீச்சர், ஐயாவோட கொரல ரெக்கோர்ட் பண்ணி வைங்க. ஒவ்வொரு வார்த்தையா, தனித்தனியா. நான் ஏதாச்சும் செஞ்சு தாரேன்."

நான் ஒரு கொப்பியில் பட்டியல் போட்டேன். தண்ணி. வலிக்குது. வேணாம். போதும். குளிருது. கதவச் சாத்து. சீனி போடாத. கரண்ட் போச்சு. நீ சொல்லு. ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே சத்தம் குறைவாக ஓர் இடம் இருந்தது. அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் போனைப் பிடிக்க, அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பட்டியல் முடிந்ததும் இன்னும் கொஞ்சம் சொல்லச் சொன்னேன்.

"இன்னும் என்னா?" என்றார்.

"திட்டுறதுக்கு. நான்பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருப்பேன், நீங்க பேசாம ஒக்காந்திருந்தா எனக்கு எப்புடி இருக்கும்? ரெண்டு திட்டாவது திட்டி வைங்க."

தொண்டை வலியோடு சிரித்தார். பிறகு, "போதும்டி, வாய மூடு" என்று ஒன்று. "ஒனக்கு வேற வேல இல்லயா" என்று ஒன்று. அதற்குப் பிறகு நான் கேட்காமலே அவராகச் சில சொற்களைச் சொன்னார். காலையில் மலையில் நின்று சுற்றிவரப் பார்க்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்ளுகிற சொற்கள். இதெல்லாம் எந்த நேரத்தில் யாருக்குத் தேவைப்படப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கேட்காமல் இருந்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் டீச்சர் கெட்டிக்காரி. இவ்வளவு குரலையும் ஒரே கோப்புக்குள் கட்டி ஒரு சின்ன புரோகிராம் செய்தாள். லேப்டாப்பில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சொல். பட்டன்மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். திரையில் வேறு எது ஓடினாலும் பட்டனை அமுக்கினால் அவர் குரல் வரும். எங்கள் வீட்டில் அவர் அமுக்கிய முதல் பட்டன் "கதவச் சாத்து". நான் போய்க் கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமே நின்று அழுதேன். பிறகு பழகிவிட்டது. லேப்டாப்பைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு டவுனுக்குப் போவார். தேத்தண்ணிக் கடையில் மேசைமேல் திறந்து வைத்து "சீனி போடாத" என்பார். எங்கள் சண்டையும் ஒழுங்காக நடந்தது. நான் கத்துவேன், அவர் யோசித்து ஒரு பட்டன் அமுக்குவார்.

போன வருடம் மகள் உண்டானாள். நுவரெலியாவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் பிள்ளைக்குப் பேர் வைப்பது. வீட்டில் மூத்தவர் ஒருவர் பிள்ளையை மடியில் வாங்கி, காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும்.

"அப்பாதான் சொல்லணும். அப்பா கொரல்லதான் சொல்லணும்" என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"அதுல இருக்கிற வார்த்தைதானேடி வரும்? புதுசா ஒண்ணும் சொல்ல ஏலாதே."

"அப்ப அதுல இருக்கிற ஒரு வார்த்தையவே பேரா வைக்கிறேன்."

கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு தேடினாள். எங்கள் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து, "கரண்ட் போச்சுன்னு வைக்கலாமா? நம்ம ஊருக்குப் பொருத்தமா இருக்கும்" என்று கேலி பண்ணினார். கடைசியில், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் அவராகச் சொல்லி வைத்தாரே, அந்தச் சொற்களில் ஒன்று அகப்பட்டது. ஸ்கேனில் பெண் என்று சொல்லியிருந்தார்கள், பெண் பிள்ளைக்கு அழகான பேர். அதை இங்கே எழுதமாட்டேன், அது பிள்ளையின் சொந்த விஷயம். சம்பந்தியம்மாவுக்கு, பிள்ளை பிறந்து ஜாதக எழுத்துப் பார்க்கும் முன்னேயே பேரா என்று மனக்குறை. மகள் அசையவில்லை. அவரிடம் சொன்னபோது அவர் அந்தப் பட்டனை ஒரு தடவை அமுக்கினார். பிறகு எழும்பிப் போய்ப் பின்பக்கத்தில் விறகை அடுக்கத் தொடங்கினார். அடுக்கிய விறகையே மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

பிள்ளை பிறந்தது, பெண்தான். நான் மகளுக்குப் பத்தியச் சமையல் செய்துகொண்டு நுவரெலியாவில் தங்கிவிட்டேன். அவர் பேத்தியை வந்து பார்த்துவிட்டு, மாட்டையும் கோழியையும் யார் பார்ப்பது என்று அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த நாளிலிருந்து வீடியோவில் வரவில்லை. "லைன் சரியில்லை" என்று போனில் எழுதி அனுப்பினார். பிறகு தினமும் "சாப்பிட்டேன்", "பிள்ளை எப்படி?" இவ்வளவுதான். எங்கள் மலையில் லைன் சரியாக இருந்தால்தான் அதிசயம். நானும் நம்பிவிட்டேன்.

இருபத்தோராம் நாள், மாற்றுத்துணியும் பிள்ளைக்குக் கட்ட வேண்டிய சாமான்களும் எடுக்க வீட்டுக்கு வந்தேன். வாசலிலிருந்தே கத்திக்கொண்டுதான் வந்தேன். கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று. பதில் இல்லை. அவர் அறைக்குள் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பட்டன் அமுக்கவில்லை. லேப்டாப் மேசைமேல் இருந்தது. சார்ஜரில் மாட்டி, சுத்தமான ஒரு துவாயால் போர்த்தி வைத்திருந்தார். சுவரில் கலண்டரில் வரிசையாகப் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

"என்னாங்க இது? ஏன் பேசமாட்டேங்கிறீங்க?"

கொப்பியை எடுத்து எழுதிக் காட்டினார். "குவாரண்டைனில் இருக்கிறது. பதினாலு நாள்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாக எழுத எழுத விளங்கியது. பிள்ளை பிறந்த மறுநாள் காலையில் லேப்டாப் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. அணைந்து, எரிந்து, நெடுநேரம் சுழன்று, புது முகத்தோடு வந்திருக்கிறது. வந்ததும் வைரஸ் காவல் புரோகிராம் ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டியது. அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி. முழுவதும் அவருக்கு விளங்கவில்லை, ஆனால் குவாரண்டைன் என்ற சொல் அவருக்கு நன்றாகத் தெரியும். கொரோனா நேரத்தில் எந்த லயத்து வரிசை வீடுகளை மூடுவது, எந்த வீட்டுக் கதவில் அந்தச் சொல் எழுதிய தாளை ஒட்டுவது, உள்ளே அடைபட்டவர்களுக்கு அரிசி பருப்பை யார் வாசலில் கொண்டுபோய் வைப்பது, எல்லாம் அவர் தலைமேல்தான் விழுந்தது. பதினாலு நாள் பேசாமல் இருந்தால் ஆள் நல்லபடியாக வெளியே வந்துவிடுவார். அதைத்தான் அவர் செய்திருக்கிறார். தொந்தரவு பண்ணாமல், குளிர் படாமல் போர்த்திவிட்டு, நாளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

"அது என்னா மனுசனா? காய்ச்சலா அதுக்கு? பதினாலு நாள் அடச்சு வச்சா தானா எழும்பி வந்துருமா? எனக்கு ஒரு வார்த்த எழுதி அனுப்ப ஏலாதா? சரி, அந்தப் பதினாலு நாளும் எப்பவோ முடிஞ்சிருச்சே, அப்பவாவது சொல்லக் கூடாதா?"

அவர் கொப்பியை வாங்கி எழுதினார். "இரண்டாவது டெஸ்டிலும் பாசிட்டிவ் போல."

பகிடியா, உண்மையாகத்தான் சொல்கிறாரா? முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. திட்டிக்கொண்டே துவாயை எடுத்து லேப்டாப்பைத் திறந்தேன். சொற்களின் புரோகிராம் இருந்த இடத்தில் வெறும் படம்தான் இருந்தது. அமுக்கினால் ஒன்றும் இல்லை. வைரஸ் காவலின் ஜன்னலைத் திறந்தேன். அது திறந்த வேகத்தில் தானே மூடிக்கொண்டது. திரும்பத் திரும்ப அப்படித்தான். ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன எச்சரிக்கை வந்து நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தேன். அடைத்து வைத்திருப்பவை முப்பது நாளில் தானாக அழிக்கப்படும்.

கலண்டரைப் பார்த்தேன். பேர் வைக்கிற நாளோடு அந்த முப்பது நாளும் முடிகிறது.

அவர் என் தோளைத் தட்டி, கொப்பியைக் காட்டினார். "உன் போனில் பழைய ரெக்கோர்டிங் இருக்குமே?"

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இருக்கவில்லை. மகளின் வளைகாப்பு அன்றைக்கு வீடியோ எடுக்கப் போனேன், போனில் இடமில்லை என்று வந்தது. எல்லாரும் வளையல் போட வரிசையில் நிற்கிறார்கள், எனக்கு அவசரம். எது பெரிதாக இருக்கிறது என்று பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே எடுத்த குரல் அத்தனையும் ஒரே இடத்தில் கிடந்தது. அதுதான் லேப்டாப்பில் இருக்கிறதே என்று நினைத்தேன். ஒரே அமுக்கு. அவ்வளவும் போய்விட்டது. பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. பதினாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அந்த மனிதரைக் கிழித்தேனே, அவர் பார்த்துக்கொண்டாவது இருந்தார். நான் அழித்தேன்.

"போனு பழசாயிருச்சுல்ல, அதுல எல்லாம் தொலஞ்சிருச்சு போல" என்று சொன்னேன். பொய் சொல்லும்போதுகூட எனக்குச் சத்தம் குறையவில்லை. அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினார்.

கம்ப்யூட்டர் டீச்சர் கல்யாணம் முடித்து வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுக்குச் செய்தி அனுப்பினேன். பழைய கம்ப்யூட்டரே இப்போது தன்னிடம் இல்லை, பிரதியும் இல்லை என்று பதில் வந்தது. "டீச்சர், தயவுசெஞ்சு அந்த வைரஸ் காவலை மட்டும் அழிச்சிராதீங்க, அதோட சேந்து உள்ள இருக்கிறதும் போயிரும்" என்றும் எழுதியிருந்தாள். நல்லவேளை. அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் நான் அதைத்தான் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருமகன் போனிலேயே ஒரு வழி சொன்னார். எழுதினால் வாசித்துக்காட்டுகிற குரல் போனிலேயே இருக்கிறதாம். பேரை எழுதி ஓடவிட்டு எங்களுக்கு அனுப்பினார். யாரோ ஒரு பெண், ரயில் வருகிறது என்று அறிவிக்கிற மாதிரி பேரைச் சொன்னாள். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். மரியாதைக்கு ஆட்டுகிற தலை.

மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் ஹட்டன் பஸ்ஸில் ஏறினோம். லேப்டாப்பை அவர் மடியில் வைத்துக்கொண்டார். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஹட்டன் டவுனில் எங்களுக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் நானா கம்ப்யூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். அவர் பிள்ளைகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம், பெருநாளைக்கு எங்களுக்கு வட்டிலப்பம் வரும். அமைதியான ஆள். நான் மூச்சு விடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

"டீச்சர், இது இப்புடித்தான். ஒரு புரோகிராம் எல்லாப் பட்டனையும் காது குடுத்துக் கேட்டுக்கிட்டே ஈக்கிதுன்னா, கள்ளன்னு நெனச்சிரும். ஐயாட புரோகிராமும் அதத்தானே செய்யிது? பட்டன் எப்ப அமுக்குவாருன்னு கேட்டுக்கிட்டு ஈக்கிது."

"இவ்வளவு நாளா விட்டுச்சே?"

"முந்தி தெரிஞ்ச ஆளுன்னு விட்டுச்சு. அப்டேட் வந்ததும் எல்லாரையும் புதுசா விசாரிக்கிது. அதுலயும் வேற பிரச்சின, இந்தக் காவல்காரன் பழைய ஆளு. புது வீட்டுல அவனுக்கே கதவு தெறக்கத் தெரியல. புடிச்சி அடச்சிட்டான், அடச்ச அறைய அவனாலயே தெறக்க ஏலாம நிக்கிறான்."

"அப்டேட்டத் திருப்பி எடுக்க ஏலாதா?"

"பத்து நாளைக்குள்ள வந்திருந்தா செய்யலாம். இப்ப ஏலாது."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

நானா கேட்டார். "இதுக்குள்ள போட்ட அசல் பதிவு எங்கயாவது ஈக்கிதா? இருந்தா இவ்வளவு கஷ்டப்பட வாணாம், திரும்பச் செஞ்சிரலாம். போன்ல, கார்ட்ல, எங்கயாவது?"

என் வாய் திறந்தது. பழைய பொய்யைத்தான் சொல்ல இருந்தேன், ஆனால் சத்தம் வரவில்லை. அதற்குள் அவர் கொப்பியில் எழுதி நானாவிடம் நீட்டினார். நானா அதைச் சத்தமாகவே வாசித்தார்.

"'போனில் இருந்ததை நான்தான் தெரியாமல் அழித்துவிட்டேன்.' அப்புடியா ஐயா? பரவாயில்ல, எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. என் போனை அவர் தொட்டதே கிடையாது. தொட்டால் எங்கே அமுக்குவது என்றும் தெரியாது. நேற்றிலிருந்து அவருக்குத் தெரிந்திருக்கிறது, அல்லது வளைகாப்பு அன்றைக்கே பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்காமல், அடுத்த ஆளுக்கு முன்னால் நான் தலைகுனியக் கூடாது என்று தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆயிரம் தடவை சுகமாக இருந்திருக்கும். நான் கடை வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நானா செய்த வேலையை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். பழைய காவலை அழிக்காமல், அதன் மேலேயே அதே காவலின் புதிய பதிப்பை ஏற்றினார். இன்டர்நெட்டிலிருந்து இறங்குவதற்கு நேரமெடுத்தது. பாதியில் கரண்ட் போனது, மறுபடி முதலிலிருந்து. ஏறி முடிந்ததும் அந்த ஜன்னல் முதல் தடவையாக மூடிக்கொள்ளாமல் நின்றது. அடைபட்டவர்கள் பட்டியலில் ஒரே ஒரு பேர். அது அவருடைய புரோகிராம். திருப்பித் தா என்று நானா அமுக்கினார். வந்தது. வந்த வேகத்தில் காணாமலும் போனது.

"ஐயோ, எங்க நானா?" என்று நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்றார்கள்.

"இருங்க டீச்சர், இருங்க. இதுல இன்னொரு காவல்காரன் ஈக்கிறான், கம்ப்யூட்டரோடயே வந்தவன். இவன் விட்டதும் அவன் புடிச்சிட்டான்." நானா இன்டர்நெட்டைத் துண்டித்தார். இரண்டு காவல்காரர்களிடமும் தனித்தனியாகப் போய், இது நம்ம ஆள், தொடாதே என்று எழுதி வைத்தார். மறுபடி எடுத்தார். இந்தத் தடவை நின்றது. ஆனால் அமுக்கினால் ஓடவில்லை. புது அப்டேட்டுக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. நான் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். முழங்கை என் தோளில் படுகிற அளவுக்கு.

நானா ஏதோ ஒரு பெட்டியைத் திறந்து, அதில் ஒரு கட்டத்தில் சரி போட்டார்.

"இப்ப நாங்க அதுக்கிட்ட ஒரு பொய் சொல்றோம் டீச்சர். அப்டேட்டே வரல, நீ இன்னும் பழைய காலத்துலதான் ஈக்கிறாய்னு. அதை நம்பிட்டா ஓடும்."

நம்பு, நம்பு என்று மனதுக்குள் கெஞ்சினேன். நானா ஏதோ ஒரு பட்டனை அமுக்கினார்.

"கதவச் சாத்து."

அந்தக் குரல். கடைக்குள் அப்போதுதான் நுழைந்த ஒரு மனிதர் பயந்துபோய்த் திரும்பிக் கதவைச் சாத்தினார். நானா சிரித்தார். நான் அழுதேன், சிரித்தேன், அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன், எல்லாம் ஒரே நேரத்தில். அவர் மட்டும் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, யாரோ தெரிந்த ஆள் ஊரிலிருந்து வந்த மாதிரி, லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானா மூன்று பிரதி எடுத்துத் தந்தார். ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். "பேர் வைக்கிற வரைக்கும் இன்டர்நெட் மட்டும் குடுத்துராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் உட்காருகிற சீட், பக்கத்தில் யாரும் இல்லை. எதற்கெல்லாமோ திறக்கிற வாய் அதற்கு மட்டும் திறக்கவில்லை. அடுத்த ஒன்பது நாளும் திறக்கவில்லை. சமைத்தேன், பிள்ளையைக் குளிப்பாட்டினேன், மகளைத் திட்டினேன், மருமகனைத் திட்டினேன். அவரைத் திட்டவில்லை. மகள்கூட, "என்னாம்மா, அப்பாவோட சண்டையா? ரொம்ப அமைதியா இருக்கீங்க" என்று கேட்டாள்.

முப்பத்தோராம் நாள் வந்தது. நுவரெலியாவில் மருமகன் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, விளக்கேற்றி, சொந்தக்காரர்கள் சுற்றிவர உட்கார்ந்தார்கள். குளிருக்குப் பிள்ளையை நன்றாகச் சுற்றியிருந்தோம். காது மட்டும் வெளியே தெரிந்தது. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினார். மருமகன் லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரைப் பிள்ளையின் காதோரமாகத் திருப்பினார். அவர் விரலை நீட்டினார்.

அமுக்கினார். அவர் குரலில் அந்தப் பேர் வந்தது. மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுகிற மாதிரி. பிள்ளை தூங்கிக்கொண்டே உதட்டைக் குவித்தது. ஜாதக எழுத்தைப் பற்றிக் குறைப்பட்ட சம்பந்தியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். இரண்டாவது தடவை அமுக்கினார். மகள் தன் புருசன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவைக்கு அவர் கை போகவில்லை. என்னைப் பார்த்தார். வேறொரு பட்டனைத் தேடி அமுக்கினார்.

"நீ சொல்லு."

பிள்ளையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். நான் வாங்கினேன். அந்தக் காதுக்கு வாயைக் கொண்டுபோனேன். பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக.

"நான்தாங்க அழிச்சேன்" என்று வந்துவிட்டது.

மெதுவாகப் பேச எனக்குத் தெரியாது என்று சொன்னேனே. அறை முழுவதற்கும் கேட்டது. சம்பந்தியம்மா, "என்னா பேரு இது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். "அம்மா?" என்றாள் மகள். நான் யாரையும் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன். "போன்ல இருந்தத நான்தான் அழிச்சேன். தொலையல. எடம் இல்லன்னு அழிச்சேன். ஒங்க மேல பழியப் போட்டுக்கிட்டீங்க, நான் பாத்துக்கிட்டு நின்னேன்." மூக்கு ஒழுகுகிறது, கையில் பிள்ளை, துடைக்கவும் முடியவில்லை.

அவர் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத சிரிப்பு. தண்ணி, வலி, கரண்ட் எல்லாம் கேட்டு வாங்கிய எனக்கு, ஒரு தடவை சிரித்து வையுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள். அவர் கை பட்டன் பக்கம் போகவில்லை. அந்தக் கையால் என் மூக்கையும் கன்னத்தையும் துடைத்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தார். இரண்டு வருடமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிற உதடு, எனக்கு வாசிக்கத் தெரியும்.

"ஒண்ணும் அழியலடி" என்றார்.

நான் மறுபடி குனிந்து பிள்ளையின் காதில் பேரைச் சொன்னேன். பிள்ளை திடுக்கிட்டு விழித்து, வீறிட்டு அழுதது.